பெரிய கிளாக்கர் சாய்ந்து உட்கார்ந்த கதை

கொட்டகலையில் பஸ் ரோட்டை விட்டு இரண்டு மைல் மேலே ஏறினால் வருகிற அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில், யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தை நடத்துகிற துரையின் அறையில் இருப்பதற்கு உயர்ந்த முதுகு, கைப்பிடி, கீழே உருளுகிற சில்லு. பெரிய கிளாக்கருடையதற்குக் கைப்பிடி உண்டு, முதுகு பாதிதான். மற்ற கிளாக்கர்மாருக்குக் கைப்பிடியும் கிடையாது. தொழிலாளிக்கு ஜன்னல். வெளியே நின்று கம்பிக்கு நடுவே பேப்பரை நீட்ட வேண்டியதுதான்.

அந்த ஜன்னலுக்கு வெளியே நின்ற குடும்பங்களில் இருந்து உள்ளே வந்து உட்கார்ந்த முதல் ஆள் சூசைரட்ணம். மேக்கணக்கு என்கிற மேல் பிரிவில், தொழிலாளர் வரிசை வீடான மூன்றாம் லயத்துச் செல்லசாமியின் மகன். ஏ.எல். பாஸ் பண்ணி, இருபத்து மூன்று வயதில் கடைசி கிளாக்கராகச் சேர்ந்தார். அதுவரைக்கும் அந்த ஆபீசில் பெரிய கிளாக்கர் என்றால் வெளியூர்க்காரர்தான். கடைசியாக இருந்த யாழ்ப்பாணத்துப் பேரின்பநாயகம் ஐயா பென்ஷன் வாங்கிப் போனபோது, தன் பிரம்பு நாற்காலியின் கைப்பிடியைத் தட்டி, "இனி இது உமக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். லயத்தில் அன்றைக்கு வெடி கொளுத்தினார்கள். ஒரு லயத்துப் பையன் அந்த இடத்துக்கு வந்தது சின்ன விஷயம் இல்லை. இன்றைக்கும் அந்தத் தோட்டத்தில் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லித் திட்டும்போது சூசைரட்ணத்தின் பேரைச் சொல்லித்தான் திட்டுவார்கள்.

அவருக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. முப்பத்து மூன்று வருஷம் உட்கார்ந்து பார்த்த வேலை அவர் இடுப்பைத் தின்றுவிட்டது. முதலில் காலையில் மட்டும் வலித்தது. பிறகு வலி இடது தொடை வழியாக இறங்கி, பெருவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பாரம் தூக்கக் கூடாது, இடுப்புக்குத் தாங்கல் உள்ள நல்ல நாற்காலியில் உட்கார வேண்டும், பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், முழங்கைக்குக் கைப்பிடி வேண்டும். அப்படியும் குறையாவிட்டால் மூன்று மாதத்தில் ஒப்பரேஷன். ஒப்பரேஷன் என்றால் உட்கார்ந்து பார்க்கிற வேலையை விட்டுவிட வேண்டியிருக்கலாம்.

வேலையை விடுவதென்றால் தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸையும் விட வேண்டும். அப்பா இருந்த லயத்துக் காம்பரா எப்போதோ வேறு ஆளுக்குப் போய்விட்டது. இன்னும் நாலு வருஷம் வேலை இருக்கிறது. அந்த நாலு வருஷமும் ஒரு நாற்காலியை நம்பி இருந்தது.

துரைக்கு வயது முப்பத்தாறு. காலிப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். கடிதத்தைப் படித்துவிட்டு, "கிளாக்கர், நீங்களே ஹட்டனுக்குப் போய்ப் பாத்து எடுங்க. உக்காரப் போறது நீங்கதானே. பில்லை ஆபீசுக்கு அனுப்பச் சொல்லுங்க" என்றார். சூசைரட்ணம் நின்றுகொண்டே கேட்டு, நின்றுகொண்டே நன்றி சொல்லிவிட்டு வந்தார். துரை வந்தால் எழுவது, துரை போனால் எழுவது, மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையா எட்டிப் பார்த்தாலும் எழுவது. ஒரு நாளைக்கு இருபது தரமாவது இடுப்பு அப்படி வெட்டி எழுந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மனைவி ஐவியைப் பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் மட்டும் ஹட்டனுக்குப் போனார். கடைக்காரர் லக்ஸ்மன் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து பத்து வருஷமாகத் தளபாடக் கடை வைத்திருப்பவர். நல்ல பேச்சுக்காரர். மாடியில் பதினைந்து இருபது ஆபீஸ் நாற்காலிகள் பொலித்தீன் போட்டு நின்றன.

"ஐயா, எல்லாத்திலயும் இருந்து பாருங்கோ. பாத்து எடுக்கிற சாமான் இல்லை இது, இருந்து எடுக்கிற சாமான்."

சூசைரட்ணம் உட்கார்ந்தார். எப்படி உட்கார்ந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். முன் விளிம்பில், நாலு விரல் அகலத்துக்கு. முழங்கால் இரண்டும் சேர்ந்து, கை இரண்டும் மடியில், முதுகு எதையும் தொடாமல். லக்ஸ்மன் பக்கத்தில் வந்தபோதெல்லாம் எழுந்து நின்றார்.

"ஐயோ, நீங்கள் எழும்பாதேங்கோ. நான் கடைக்காரன், உங்கட துரை இல்லை."

"பரவாயில்லங்க."

"என்ன மாதிரி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

அடுத்ததிலும் உட்கார்ந்தார். ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம். அதுவும் நல்லா இருந்தது. ஆறு நாற்காலியில் உட்கார்ந்தார், ஆறும் ஒரே மாதிரி இருந்தது. இருக்காதா பின்னே? எந்த நாற்காலியின் முன் விளிம்பும் ஒன்றுதான். கடைசியில் கைப்பிடி இல்லாத, பாதி முதுகு உள்ள கறுப்பு நாற்காலி ஒன்றைக் காட்டினார்.

லக்ஸ்மன் டாக்டரம்மாவின் கடிதத்தைத் திரும்பப் பார்த்தார். "இதில கைப்பிடி வேணும் எண்டு கிடக்கு."

"இதுவே போதுங்க. அடக்கமா இருக்கு."

"அடக்கமோ? ஐயா, கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்கிற மாதிரிக் கதைக்கிறியள்."

சூசைரட்ணம் சிரித்தார். ஆனால் அடக்கமானதைத்தான் எடுத்தார்.

அதை ஆபீசுக்குக் கொண்டுவந்து இறக்கிய அன்று, இரண்டாவது கிளாக்கர் தனுஜா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முப்பது வயது, வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"சேர், இது எனக்கு வாங்கினதா?"

"ஏன் தங்கச்சி?"

"இல்ல, என் நாற்காலியோட தம்பி மாதிரி இருக்கே. உங்களுக்குன்னு சொன்னாங்க, அதான் கேட்டேன்."

மூன்று வாரம். வலி குறையவில்லை, ஏறியது. பழைய பிரம்பு நாற்காலியில் எழும்போது ஊன்றிக்கொள்ளக் கைப்பிடியாவது இருந்தது. இதில் அதுவும் இல்லை. சம்பளப் பட்டியல் போடுகிற வாரத்தில் ஒருநாள் துரையின் ஜீப் சத்தம் கேட்டது. சூசைரட்ணம் வழக்கம்போல எழுந்தார். பாதி எழுந்ததும் இடுப்புக்குள் ஏதோ பூட்டிக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. மேசையைப் பிடித்தபடி, கும்பிடப் போகிறவர் மாதிரி அப்படியே நின்றார். கண்ணில் இருந்து தண்ணீர் வடிந்தது. தனுஜாவும் துரையின் டிரைவரும் சேர்ந்துதான் அவரைப் பலகையில் படுக்க வைத்தார்கள்.

ஒரு வாரம் வீட்டில் படுத்துக் கிடந்தார். டாக்டரம்மா புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நாற்காலி மாத்தச் சொன்னேனே?" என்றார்.

"மாத்திட்டேன் டாக்டர்."

"மாத்தினதாத் தெரியல்லையே. இன்னும் ஆறு கிழமை பாப்பம். அதுக்கு மேல நான் வெட்டத்தான் எழுதுவேன்."

ஐவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருபத்து நாலு வருஷம் வேலை பார்த்தவள். அடம் பிடிக்கிற பிள்ளையைச் சோறு தின்ன வைக்கவும் தூங்க வைக்கவும் தெரிந்தவள். மறுநாள் காலையில் சேலை கட்டி, குடையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எந்திரிங்க. ஹட்டன் போவோம். அந்தக் கறுப்பு நாற்காலிய லொறியில ஏத்தி அனுப்பச் சொல்லிட்டேன்."

"வாங்கினத எப்படித் திருப்பிக் குடுக்கிறது, அசிங்கமா..."

"நீங்க நடு ஆபீசுல கோணி நின்னீங்களே, அதைவிடவா?"

லக்ஸ்மன் நாற்காலியைத் திருப்பி எடுக்க ஒத்துக்கொண்டார். "மூண்டு கிழமை பாவிச்ச கதிரை எண்டு சொல்லேலாது" என்று அதைத் திருப்பிப் பார்த்தார். "முன்பக்கம் மட்டும் அமுங்கிக் கிடக்கு. பின்பக்கம் புதுசு." ஐவி அதைக் கேட்டாள். குனிந்து பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"இங்க உக்காருங்க" என்று பக்கத்தில் இருந்த ஒன்றைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். நாலு விரல்.

"இப்படித்தான் ஆபீசிலயும் உக்காருவீங்களா?"

"ஏன், இதுக்கென்ன?"

"சாய்ங்க."

"ஆளுங்க பாக்குது ஐவி."

"பாக்கட்டும். சாய்ங்க." இரண்டு தோளையும் பிடித்துப் பின்னால் தள்ளினாள். அவர் இரும்பு மாதிரி விறைத்தார். "முப்பத்து மூணு வருசமா முதுக நாற்காலிக்குக் காட்டவே இல்லையா நீங்க? வீட்டுல முக்காலியில உக்காந்துதானே சாப்புடுறீங்க, அதான் எனக்குத் தெரியாமப் போச்சு!"

லக்ஸ்மன் விலகிப் போய்க் கீழே யாரையோ கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார். சூசைரட்ணம் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மாவ ஆஸ்பத்திரியில வச்சிருந்தப்ப, அப்பா லீவு கேட்டு ஆபீசுக்குப் போனாரு. நானும் கூடப் போனேன். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். மழை. அப்பா தலையில படங்குச் சாக்கு, நான் அதுக்குள்ள. உள்ள இருந்த கிளாக்கர் நல்லா பின்னால சாஞ்சு, கால நீட்டி, தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே கேட்டாரு. குடிச்சு முடிச்சிட்டு, நாளைக்கு வான்னுட்டாரு. அந்த ஆளு மூஞ்சி எனக்கு ஞாபகமில்ல. சாஞ்சிருந்தது ஞாபகமிருக்கு." முழங்காலைத் தடவிக்கொண்டார். "நான் வேலைக்குப் போன அன்னைக்கு, அந்த ஜன்னல்ல மொத ஆளு வந்து நின்னப்ப, தன்னால முன்னால வந்துட்டேன். அதோட அப்படியே பழகிப் போச்சு. நம்ம ஆளு நிக்கிறான், நான் சாஞ்சிருந்தா எப்படி இருக்கும்?"

ஐவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு லீவு குடுக்காததுதாங்க பாவம். சாஞ்சது பாவமில்ல" என்றாள். "நீங்க யாரையும் நாளைக்கு வான்னு சொன்னதில்ல. அது எனக்குத் தெரியும், லயத்துக்கே தெரியும். இனிமே நீங்க ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, உங்க இடத்துல எவனோ வந்து காலை நீட்டிக்கிட்டு நாளைக்கு வான்னு சொன்னா, அது உங்களுக்குச் சரியா இருக்குமா?"

அவர் விறைத்திருந்த தோளைத் தளர விட்டார்.

ஐவிக்கு அங்கிருந்ததிலேயே பெரிய நாற்காலி ஒன்றின் மேல் கண். தோல் உறை, மெத்தை, சிங்காசனம் மாதிரி. அதில் உட்கார வைத்ததும் சூசைரட்ணத்தின் கால் இரண்டும் தரையைத் தொடாமல் தொங்கின. முதுகு சாய்ந்தால் முழங்கால் மடங்கவில்லை. முழங்கால் மடங்கினால் முதுகு எட்டவில்லை. அவருக்கு ஐந்தடி இரண்டு அங்குலம்.

"இது ஆறடி வெள்ளைக்காரனுக்குச் செய்தது" என்று லக்ஸ்மன் சிரித்தார். "எங்கட ஆக்களுக்குச் சரிவராது. பெருசா இருந்தாச் சொகம் எண்டு நினைச்சு எடுக்கினம், பிறகு நாரி வலிக்குது எண்டு இடுப்புக்குத் தலகாணி வைக்கினம்." மூலையில் இருந்து வலை முதுகு வைத்த சாம்பல் நிற நாற்காலி ஒன்றை உருட்டி வந்தார். "நல்லாய்ப் பின்னால போய் இருங்கோ. முழங்காலுக்கும் ஆசனத்துக்கும் இடையில மூண்டு விரல் போகுதோ? ஓம், போகுது. பாதம் படியுதோ? இப்ப இந்தத் தடிய இழுத்து ஆசனத்தைக் கொஞ்சம் பதியுங்கோ. கைப்பிடி முழங்கையில வந்து நிக்கட்டும்."

இடுப்பு வளைவில் ஏதோ ஒன்று வந்து தாங்கியது. மெத்தென்று கூட இல்லை, கொஞ்சம் கடினம்தான். ஆனால் யாரோ உள்ளங்கையை வைத்துப் பிடித்த மாதிரி இருந்தது.

"நல்லா இருக்குங்க" என்று உடனே எழப் போனார்.

"உக்காருங்க" என்றாள் ஐவி. "ரெண்டு நிமிசத்துல ஒண்ணும் தெரியாது. நான் போய் மரக்கறி வாங்கிட்டு வாறேன். நான் வாறவரைக்கும் எந்திரிச்சீங்கன்னா தெரியும்."

அவள் மரக்கறி வாங்கி, கருவாடு வாங்கி, திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. சூசைரட்ணம் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். படுத்தாலே புரண்டு புரண்டு கிடக்கிற மனுஷன். ஐவி பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் விழிக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்றாள். லக்ஸ்மன் பில் புத்தகத்தை எடுத்து வந்து, எழுப்ப மனசில்லாமல் திரும்பிப் போனார்.

நாற்காலி தோட்டத்துக்கு வந்து சேர்வதற்கு முன்னாலேயே பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. அதற்குத் தலை தாங்கலும் இருந்தது. துரையின் நாற்காலிக்கு அது கிடையாது.

"சேர், காலையில ஆளுங்களுக்குப் பேர் போடுற பெரட்டுக்களத்துல இதே பேச்சு" என்றாள் தனுஜா. "துரை நாற்காலிக்குத் தலை இல்லையாம், கிளாக்கர் நாற்காலிக்குத் தலை இருக்காம்."

"துரை ஏதாச்சும் சொன்னாரா?"

"அவரு ஒரு தரம் உக்காந்து சுத்திப் பாத்துட்டு, எங்க வாங்கினதுன்னு கேட்டாரு. அவ்வளவுதான். அவருக்கென்ன சேர், அவரு சின்ன வயசுல இருந்தே சாஞ்சு உக்காந்தவரு."

துரையைப் பற்றிய பயம் அதோடு போனது. ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றியது போகவில்லை. வியாழக்கிழமை, ஜன்னலைத் திறக்கிற நாள். வெளியே ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்றது அழகுமுத்து. சூசைரட்ணத்தோடு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை ஒன்றாக இருந்தவன். இப்போது கொழுந்து மூட்டை தூக்கி லொறியில் ஏற்றுகிறவன். ரோட்டில் பார்த்தால் சூசை என்பான். ஜன்னலில் ஐயா என்பான்.

அழகுமுத்து கம்பிக்குள் முகத்தை வைத்துப் பார்த்தான். சூசைரட்ணம் முதுகு முழுக்கப் படிய, கைப்பிடியில் முழங்கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அடடா, புதுத் தொரை வந்திருக்காருன்னு நெனச்சு சலாம் போடப் போனேன். நம்ம கிளாக்கரய்யாவா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சூசைரட்ணத்தின் உடம்பு அவரைக் கேட்காமலேயே முன்னால் வழுக்கி விளிம்புக்கு வந்தது. வந்த அந்த நிமிஷமே இடுப்பில் இருந்து தொடைக்குக் கம்பி பாய்ந்தது. மேசை ஓரத்தைப் பிடித்தார். தனுஜா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவர் மூச்சை விட்டு, கைப்பிடி இரண்டையும் ஊன்றி, பழையபடி பின்னால் போய் முதுகைச் சாய்த்தார். முகம் சிவந்திருந்தது.

"முதுகு போச்சு அழகு. டாக்டரம்மா இதுலதான் உக்காரணும்னு எழுதிட்டாங்க. சிரிக்கிறதா இருந்தா சிரிச்சுக்க. நான் இப்படித்தான் உக்காரப் போறேன். உன் பேப்பரைக் குடு."

அழகுமுத்துவின் சிரிப்பு நின்றது. நாலாக மடித்த கடிதத்தைக் கம்பி வழியாக நீட்டினான். "மூணு நாள் லீவு போட்டுடுங்கய்யா, போதும்."

சூசைரட்ணம் பிரித்தார். அதே டாக்டரம்மாவின் எழுத்து. பாரம் தூக்கக் கூடாது என்ற முதல் வரி அவருக்குக் கொடுத்த கடிதத்தில் இருந்ததேதான். இடுப்பில் அதே எலும்பு, அதே கால்.

"எத்தனை நாளா இது?"

"ரெண்டு வருசமா."

"மூணு நாள் கழிச்சு?"

"கழிச்சு என்னங்கய்யா, தூக்க வேண்டியதுதான். எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க, லொறி மேல."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை சூசைரட்ணம் சிரிக்கவில்லை. அழகுமுத்துவும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார்.

"உள்ள வா."

"எங்க?"

"கதவு அந்தப் பக்கம் இருக்கு. சுத்தி வா."

"சப்பாத்தெல்லாம் சேறு..."

"நான் கழுவிக்கிறேன், நீங்க வாங்க அண்ணே" என்றாள் தனுஜா. தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அழகுமுத்து வந்து, நாலு விரல் அகலத்துக்கு உட்கார்ந்தான். சூசைரட்ணம் அதைப் பார்த்தார். மூட்டை எத்தனை கிலோ, நாளைக்கு எத்தனை தரம், எந்த வருஷம் முதல் தரம் விழுந்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வலி குறைகிற வரைக்கும் பாரம் இல்லாத சில்லறை வேலை கேட்டு, கம்பெனிக்குத் துரை எழுத வேண்டிய கடிதத்தைத் தானே எழுதினார். முப்பது நிமிஷத்துக்கு மேல் ஆனது. இடுப்பு ஒரு தரம் கூட முனகவில்லை.

இப்படிப்பட்ட கடிதங்களைத் துரை பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் தட்டில் போடுவதுதான் வழக்கம். தட்டில் போட்டால் எத்தனை நாள் கிடக்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. தான் எழுதியதையும் டாக்டரம்மாவின் இரண்டு கடிதங்களையும் எடுத்து, இரண்டு கைப்பிடியையும் அழுத்தி, அவசரமில்லாமல் எழுந்து, துரையின் அறைக் கதவைத் தட்டினார்.

"வாங்க கிளாக்கர். நாற்காலி எப்படி?"

"நல்லா இருக்கு சேர்." டாக்டரம்மாவின் கடிதங்களை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "ஒரே டாக்டர், ஒரே வியாதி. எனக்கு நாற்காலி குடுத்தீங்க. இந்த ஆளு இன்னும் மூட்டை தூக்குறான்."

துரை இரண்டையும் பார்த்தார். நெற்றியைத் தடவினார். "இது லேசு இல்லை கிளாக்கர். ஒருத்தனுக்குக் குடுத்தா நாளைக்கு இருபது பேர் லெட்டர் கொண்டு வருவாங்க."

"வருவாங்க சேர். அவங்க பேரும் எனக்குத் தெரியும்."

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"பேசலாம் சேர். கொஞ்சம் நேரமாகும்" என்று சொல்லி, துரைக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்து, பின்னால் நன்றாகத் தள்ளி உட்கார்ந்தார் சூசைரட்ணம்.